ஒடிந்தால்தான் டீ

கரூருக்கு மேற்கே, பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிற மேட்டுக்களம் என்ற ஊரில், ஒரு விரல் நீள இரும்பு ஒடியாமல் போன காரணத்தால் ஆறு வாரம் யாருக்கும் டீ கிடைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், கேட்கிறவர்கள் கையில் டீ இருந்தால் குடித்துக்கொண்டே கேட்கலாம்.

என்ஜினும் ஸ்டியரிங்கும் டிரைவர் உட்கார ஒரு மரப்பெட்டியும் மட்டுமாக, வெறும் எலும்போடு அம்மணமாக ஓடிவரும் சேஸிஸுக்கு மேட்டுக்களத்துப் பட்டறைகளில்தான் விலா வைத்து, தகரத்தோல் போர்த்தி, கண்ணாடி மாட்டி, சீட்டுப் பொருத்தி, பெயின்ட் அடித்து, நெற்றியில் பஸ் முதலாளியின் குலதெய்வத்தின் பெயரை எழுதி, மனுஷர் ஏறுகிற பஸ்ஸாக்கி அனுப்புவார்கள். ஒரு பஸ்ஸில் எத்தனை நட்டு போல்ட்டு என்று எண்ணி முடித்தவர் யாருமில்லை, எண்ணத் தொடங்கிய ஒருவர் நடுவில் மகள் கல்யாணம் வந்துவிட்டதால் விட்டுவிட்டார். அத்தனையையும் ஒரு காலத்தில் ஸ்பேனரால் முறுக்கினார்கள், பிறகு பேட்டரி கன் வந்தது. விசையை அழுத்தினால் அது சும்மா சுற்றாது, உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் இருந்து டகடகவென்று அடித்து அடித்துச் சுற்றும். அதன் வாயில் அடாப்டர் என்கிற விரல் நீள இரும்பின் ஆறுபட்டைத் தண்டைச் சொருகி, அடாப்டரின் மறுமுனையில் உள்ள சதுரக்கட்டையில் சாக்கெட்டை மாட்டி, சாக்கெட்டை நட்டின் தலையில் கவிழ்த்து அழுத்தினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் நட்டு ஏறிவிடும். ஆனால் அந்தச் சுத்தியல் அடி முழுவதும் அடாப்டரின் நடுவில் இருக்கிற மெலிந்த கழுத்தில்தான் இறங்கும், அந்தக் கழுத்து ஒடியும். கறுப்பு அடாப்டர் என்றாலும் ஒடியும், தங்கநிற அடாப்டர் என்றாலும் ஒடியும், சீமையிலிருந்து வந்தது என்று டப்பாவில் கொடி போட்டிருந்தாலும் ஒடியும். இரண்டு நாள் உழைத்தால் நல்ல சரக்கு என்று பெயர்.

கன் வந்தபோது ஒரு பட்டறை முதலாளி, வேலைதான் வேகமாக முடிகிறதே, இனிப் பதினொரு மணி டீயும் நாலு மணி டீயும் எதற்கு என்று இரண்டையும் நிறுத்தினார். அந்தப் பட்டறையின் மேஸ்திரி நாச்சிமுத்து நல்ல வாய்க்காரர், மூன்று நாள் வாதாடி ஒரு பாதியை மீட்டார்: அடாப்டர் ஒடிந்தால் எப்படியும் கை சும்மாதான் இருக்கும், புதுசு வரும்வரை டீ. அதற்கு மேல் பட்டறையே தானாக ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒருவன் அடாப்டர் ஒடிந்தால் அங்கே வேலை செய்யும் பன்னிரண்டு பேரும் கன்னைக் கீழே வைக்க வேண்டும், சாவு விழுந்த தெருவில் யாரும் அடுப்புப் பற்றவைக்காத மாதிரி. ஒடிந்த துண்டை ஒரு தகரமூடியில் வைத்து முதலாளிக்குக் காட்டுவார்கள், மேஸ்திரி ஒரு தகரத்தை ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டுவார், மேல்கோடியில் டீக்கடை வைத்திருக்கும் துளசிமணி அந்தச் சத்தம் கேட்டு ஒரு கையில் கேனும் ஒரு கையில் கண்ணாடி டம்ளர்க் கூடையுமாகச் சரிவில் இறங்கி வருவாள். நாளடைவில் எல்லாப் பட்டறைக்கும் இதுவே சட்டமானது, துளசிமணியின் பிழைப்பு அந்த ஊர் அடாப்டர்களின் கழுத்தை நம்பி நடந்தது.

நாச்சிமுத்து பட்டறையில் யார் கையில் அதிகம் ஒடியும் என்று கேட்டால் பட்டறைக்கு வெளியே கட்டியிருக்கும் எருமைகூடச் சென்னியப்பனைத்தான் காட்டும். முப்பத்தொன்பது வயது, நல்ல வேலைக்காரன், கல்யாணமாகவில்லை. அவன் ஜாதகம் பத்து ஊர் சுற்றி மடிப்பெல்லாம் கிழிந்து, கடைசியில் தரகரே டேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் கையில் தினமும் ஒரு அடாப்டர் ஒடிந்தது, சில நாள் இரண்டு. கைவாகு சரியில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். கைவாகெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவன் கன்னை நேராகப் பிடிக்காமல், யாருக்கும் தெரியாதபடி ஒரு விரற்கடை சாய்த்துப் பிடித்தான். நேராகப் பிடித்தால் இரண்டு நாள் உழைக்கிற அடாப்டர், சாய்த்துப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் டிக்கென்று போகும். போனால் துளசிமணி வருவாள், அவ்வளவுதான் விஷயம்.

துளசிமணிக்கு முப்பத்தைந்து. லாரியோடு வடக்கே போன புருஷன் அங்கேயே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டான், கோர்ட்டில் எழுதித் தீர்த்துக்கொண்டு வந்து டீக்கடை போட்டாள். அவளிடம் என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும் என்பதுதான் சென்னியப்பனின் மூன்று வருஷத் திட்டம். ஒவ்வொரு அடாப்டருக்கும் இருபது நிமிஷம் கிடைத்தது. அந்த இருபது நிமிஷத்தில் அவன், "மழை வருமாட்டத் தெரியுதுங்க" என்று சொல்வான், சித்திரை மாதத்திலும் அதைத்தான் சொல்வான். அவள் வானத்தைப் பார்ப்பாள். "அப்படியாங்க" என்பாள். அதற்குள் புது அடாப்டர் வந்துவிடும். நடுவில் நாச்சிமுத்து மேஸ்திரி அவள் காதுபட, "ஏண்டா சென்னி, அது கையா ஒலக்கையா?" என்று கத்துவார், பதினொரு பேரும் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அவள் கடைக்கே போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனான். நாலு வடை தின்றான், வந்தான். கையில் ஒடிந்த அடாப்டர் இருந்தால் அவள் முன்னால் நிற்க ஒரு காரணம் இருந்தது, காரணமே இல்லாமல் ஒரு பெண்ணின் முன்னால் எப்படி நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஆடி மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை, ஹார்டுவேர் பாலகுரு கடையில் ஒரே அட்டைப்பெட்டியில் இருந்த ஐம்பதில் ஒன்றாக வந்த ஒரு அடாப்டரைச் சென்னியப்பன் தன் கன்னில் சொருகினான். பார்க்க எல்லா அடாப்டரையும் போலத்தான் இருந்தது. பதினொரு மணி வரை சாய்த்தான், ஒடியவில்லை. இரண்டு விரற்கடை சாய்த்தான், ஒடியவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு படுக்கையாகவே பிடித்தான், சாக்கெட் வெடித்தது, நட்டின் தலை மழுங்கியது, கன்னிலிருந்து புகை வந்து கருகிய வாடை அடித்து, கன் செத்தது. அடாப்டரை உருவி வேறு கன்னில் சொருகினான். வியாழக்கிழமை அந்தக் கன்னும் செத்தது. சனிக்கிழமைக்குள் நாலு கன்னையும் ஏழு பேட்டரியையும் தின்றுவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது அது.

திங்கட்கிழமை மேஸ்திரி அதை வாங்கி வைஸில் கடித்துப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தார், சம்மட்டிக் காம்பு ஒடிந்தது. கேஸ் வைத்துச் சுட்டார்கள், சிலிண்டர் தீர்ந்தது, அடாப்டர் வெதுவெதுப்பாக இருந்தது. சிமெண்ட் ஏற்றிய லாரியின் சக்கரத்தில் வைத்து ஏற்றினார்கள், டயர் பஞ்சரானது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. மேஸ்திரி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நெம்ப நல்ல சரக்கா இருக்குது" என்றார். அவ்வளவுதான், வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆச்சரியப்பட்டது பாலகுரு ஒருவர்தான், அதுவும் வேறு காரணத்துக்கு. ஒரு வாரமாக அந்தப் பட்டறையிலிருந்து யாரும் அடாப்டர் வாங்க வரவில்லையே என்று விசாரிக்க வந்தவர் விஷயம் தெரிந்ததும் டப்பாவின் அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஒடிஞ்சா மாத்திக் குடுக்கறேன்னு இதுல எழுதியிருக்குதுங்க, சரி. ஒடியலைன்னா நான் என்ன பண்றதுன்னு ஒரு எழுத்து இருக்குதா பாருங்க. அதைத் திருப்பிக் குடுத்துருங்க, இது கம்பெனி பண்ண தப்பு."

"நல்லா உழைக்கறதைத் திருப்பிக் கேக்கற கடைக்காரனை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மேஸ்திரி.

பாலகுரு மறுநாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சென்னியப்பனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, அது ஒடிகிறவரை நகரமாட்டேன் என்று கன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையை மனைவி பார்த்துக்கொண்டார், பாலகுரு இல்லாமல் வியாபாரம் கூடியது என்று பேச்சு.

அடாப்டரின் குணம் பக்கத்திலும் பரவும் என்பது இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. பன்னிரண்டு பேரின் அடாப்டர்களும் வேலை முடிந்ததும் ஒரே தகரப் பெட்டியில்தான் கிடக்கும், அப்படிக் கிடந்தவை எதுவும் ஒடியவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தங்கள் அடாப்டர்களைக் கொண்டுவந்து சாமி பாதத்தில் வைத்து எடுப்பதுபோல அந்தப் பெட்டியில் ஒரு நாள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள், அவையும் ஒடியவில்லை. பிறகு பட்டறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் வந்தார்கள். மூக்குக்கண்ணாடி வந்தது, மண்பானை வந்தது, காம்பு ஆடுகிற குடை வந்தது, வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள் டஜன் டஜனாக வந்தன, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரின் பல்செட் ஒரு கைக்குட்டையில் மடித்து வந்தது, கட்டில் கால் வந்தது, கட்டிலை ஆட்டிய மருமகன் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். கூட்டம் அதிகமானதும் மேஸ்திரி டோக்கன் கொடுத்தார். பாலகுரு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று டோக்கன் வாங்குகிற வேலையை அவரிடம் கொடுத்தார்கள், அவரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போட்டார்.

மேல்கோடியில் ஒரு கல்யாணம் நடந்தது. சமையல்காரர் அப்பளம் நொறுங்காமல் பந்திக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நல்லெண்ணத்தில் அப்பளக் கட்டுகளை ஒரு நாள் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனார். அப்பளம் நொறுங்காமல் பந்திக்கு வந்தது, பந்தியிலும் நொறுங்கவில்லை, வாயிலும் நொறுங்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அதை மடக்கப் பார்த்து, குத்திப் பார்த்து, கடைசியில் முதுகுக்கு விசிறிக்கொண்டார். பஞ்சாயத்தில் கூடி, தின்கிற பொருள்களைப் பெட்டியில் வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பல்செட் தின்கிற பொருளா இல்லையா என்பதில் ஒரு மணி நேரம் போனது. இல்லை என்று முடிவாயிற்று.

இப்படி ஊரில் எதுவும் ஒடியாமல், எதுவும் உடையாமல் போய்க்கொண்டிருக்க, டீ மட்டும் வரவில்லை. விடிந்து பட்டறைக்குள் போனால் பொழுது சாயும்வரை டகடகவென்று கன் ஓடியது, கைகள் மரத்தன, பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டே கொட்டாவி விட்டார்கள், சீட்டுக்கு அடியில் படுத்து நட்டு முறுக்கப் போனவர்கள் அங்கேயே தூங்கிவிட்டார்கள். மேஸ்திரி முதலாளியிடம் போய்ப் பழைய பதினொரு மணி டீயைக் கேட்டார். "ஒடிஞ்சா டீன்னு சட்டம் போட்டது நீங்க, நானில்லை. ஒடிச்சுக் காட்டிட்டுக் குடியுங்க" என்றார் முதலாளி. பழைய ஒடிந்த துண்டு ஒன்றைத் தேடித் தகரமூடியில் வைத்துக் காட்டினார்கள், அதன் முறிவில் துரு ஏறியிருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து குடித்த இரண்டு பேர், எதுவும் ஒடியாமல் குடித்த டீ தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்லி அடுத்த நாளே நிறுத்திக்கொண்டார்கள்.

சென்னியப்பன் ஒருவன்தான் கொட்டாவி விடவில்லை. அவன் கன்னைக் கிடைமட்டமாகப் பிடித்தான், தலைகீழாகப் பிடித்தான், காலால் மிதித்துக்கொண்டு முறுக்கினான். பார்க்கிறவர்களுக்கு அவன் மும்முரமாக வேலை செய்வதுபோலத் தெரிந்தது. முதலாளி அவனை அழைத்து எல்லார் முன்னாலும் துண்டு போர்த்தி, இப்படி ஒரு கை இந்தப் பட்டறைக்குக் கிடைத்தது பாக்கியம் என்றார். துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தவர்கள், ஆனந்தத்தில் அழுகிறான் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஐந்தாவது வாரம் பாலகுருதான் அந்தச் செய்தியைச் சொன்னார், டோக்கன் வாங்குகிற வரிசையில் காதில் விழுந்தது என்று.

"டீக்கடைப் பொண்ணு கடையைக் காலி பண்ணுதாமா. எந்தப் பட்டறையிலயும் ஒடியலை, ஆருக்கு டீ போடறது? திருப்பூர்ல தம்பிகாரன் பனியன் கம்பெனியில கேன்டீன் பாத்துக் குடுத்திருக்கானாம். வர்ற செவ்வாக்கெழமை கெளம்பறா."

சென்னியப்பன் கையிலிருந்த கன் தானாக ஓடிக்கொண்டே இருந்தது, நட்டு எப்போதோ இறுகிவிட்டிருந்தது. அவனுக்கு மூன்று வருஷத்தில் ஒரு சாக்கு நிறைய இருபது நிமிஷங்கள் கிடைத்திருந்தன, அத்தனையையும் மழைக்குச் செலவழித்துவிட்டான். இப்போது ஒரே ஒரு இருபது நிமிஷம் வேண்டும், அதற்கு இந்தச் சனியன் பிடித்த இரும்பு ஒரே ஒரு தடவை ஒடிய வேண்டும்.

அதற்குள் வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து நடந்தது. திண்டுக்கல் முதலாளி ஒருவருக்குக் கட்டிய பஸ் முடிந்து, பூஜை போட்டு அனுப்ப வேண்டிய நாள். மேட்டுக்களத்தில் நெடுஞ்சாலை ஓரத்து மைல்கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசிப் பாவாடை கட்டி மைல்கல் மாரியம்மன் என்று கும்பிடுவார்கள், அந்தக் கோயில் பூசாரி வந்து தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எந்தப் பஸ்ஸும் ஊர் எல்லையைத் தாண்டாது. பூஜைச் சாமான் வாங்கிவரச் சொன்னது சென்னியப்பனை. அவன் மனசு ஒரு நிலையில் இல்லாததால் தேங்காயையும் பழத்தையும் அன்று அடாப்டரைப் போட்டுவைத்திருந்த டூல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

பூசாரி கற்பூரம் காட்டி, தேங்காயைப் பஸ்ஸுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கித் தரையில் அடித்தார். தேங்காய் பந்துபோல் எழும்பி அவர் கைக்கே திரும்ப வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. பதினேழு தடவை அடித்துப் பார்த்து, வேர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். வேறு தேங்காய் வாங்கலாமே என்றார் திண்டுக்கல் முதலாளி. சுற்றின காயை மாற்றினால் வண்டி சாலையில் மல்லாந்துவிடும், அது ஆகாது என்றார் பூசாரி. சரி, பழத்தையாவது நசுக்குவோம், நல்ல நேரம் போகிறது என்று டிரைவர் முதல் கியரைப் போட்டார். பஸ் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி அப்படியே நின்றது. பழம் நசுங்கவில்லை. நாலு எலுமிச்சம்பழத்தின்மேல் அத்தனை பெரிய பஸ், பட்டறை வாசலிலேயே முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல், தரைக்கு இரண்டு அங்குலம் மேலே லேசாக ஆடிக்கொண்டு நின்றது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் நின்றது, பூசாரியும் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வழியில் போகிறவர்கள் குனிந்து பழத்தைப் பார்த்துவிட்டு, நல்ல பழம், எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் துளசிமணி வந்தாள். பாய்லரும் பெஞ்சும் பாத்திரங்களும் ஏற்றிய குட்டியானை வண்டி பட்டறை வாசலில் நின்றது. ஆறு வாரத்துக்கு முன்னால் கடைசி டீ குடித்த பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்களும் கூடையோடு தகரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தன, அதை எடுத்துப் போகத்தான் வந்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். பன்னிரண்டு கன்னும் ஒவ்வொன்றாக நின்றன. எதுவும் ஒடியாமல் பட்டறை அமைதியானது அதுதான் முதல் தடவை.

சென்னியப்பன் கன்னோடு எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். கையில் ஒடிந்தது எதுவும் இல்லை. மழையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கினான்.

"ஏனுங்க" என்றான். "போகாதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க?"

"நான் வேணுமுன்னேதானுங்க ஒடிச்சேன். மூணு வருசமா. கன்னைச் சாச்சுச் சாச்சுப் புடிச்சு ஒடிச்சேன். ஒடிஞ்சா நீங்க வருவீங்கள்ல, அதுக்கோசரம். உங்களைக் கட்டிக்கோணும்னு கேக்கறதுக்குத்தான் ஒடிச்சேன். கேக்கத்தான் முடியலைங்க."

பாலகுரு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மேஸ்திரி நாச்சிமுத்து, தான் இந்த மூன்று வருஷமாகத் திட்டியதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். துளசிமணி கையிலிருந்த டம்ளரைக் கூடைக்குள் வைத்தாள். அவள் வெட்கப்படுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"வேணுமுன்னேயா? வேணுமுன்னேயா ஒடிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒரு சாக்கு இரும்பை ஒடிச்சீங்களா? ஏனுங்க, உங்களுக்கு வாயில்லையா? ஒவ்வொரு நாளும் நான் கேனைத் தூக்கிட்டு வர்றப்பவும் இந்த மேஸ்திரி உங்களை ஒலக்கைங்கறதும், இத்தனை பேரும் சிரிக்கறதும், நீங்களும் கூடச் சிரிக்கறதும், எனக்கு வயிறு எரியுமுங்க. பாக்கச் சகிக்காம நான் மைல்கல் ஆத்தாகிட்டப் போயி மூணு செவ்வாக்கெழமை உப்பும் மொளகும் போட்டேன். இந்த மனுசன் கையில இருக்கற இரும்பு ஒடியவே கூடாது தாயேன்னு வேண்டிக்கிட்டேன். பக்கத்துல இருக்கறவங்க சிரிக்கக் கூடாதுன்னு, அது பக்கத்துல இருக்கறதுகூட ஒடியக்கூடாதுன்னு அழுத்தி வேண்டிக்கிட்டேன். ஆத்தா கேட்டுப்போட்டா. என் கடையே போச்சு."

தனக்காக ஒருத்தி எங்கேயோ உப்புப் போட்டிருக்கிறாள் என்பதைச் சென்னியப்பனால் உடனே வாங்கிக்கொள்ள முடியவில்லை, கன்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்காகவா?" என்றான்.

"பின்னே, எருமைக்கா?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், குட்டியானையில் கட்டியிருந்த பாய்லரைப் பார்த்தாள், கடைசியாக அவன் முகத்தைப் பார்த்தாள். "போகட்டும் ஆத்தா, என் வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றாள், "ஒடிஞ்சா ஒடியட்டும்."

சென்னியப்பன் விசையை அழுத்தவே இல்லை. கன்னின் வாயிலிருந்த அடாப்டர் டிக்கென்று கழுத்தில் ஒடிந்து, சாக்கெட்டோடு காலடியில் விழுந்தது. அதே நொடியில் பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்களும் கூடைக்குள்ளேயே நொறுங்கின. பாலகுரு எழுந்திருந்ததால் தப்பித்தார், அவர் நாற்காலி நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்தது. பூசாரியின் மடியிலிருந்த தேங்காய் சரிபாதியாகப் பிளந்து தண்ணீர் கொட்டியது, நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றாக வெடித்து, பஸ் பெருமூச்சு விட்டுத் தரையில் இறங்கியது. அதோடு நிற்கவில்லை. தெருத்தெருவாக, வீடு வீடாக, ஆறு வாரம் ஒடியாமல் உடையாமல் தள்ளிப்போட்டதெல்லாம் ஒட்டுமொத்தமாகப் போனது: பானைகள், மூக்குக்கண்ணாடிகள், குடைக்காம்புகள், வளையல்கள், மருமகன் படுத்திருந்த கட்டிலின் கால், நியூஸ்பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டரின் வாய்க்குள்ளே பல்செட், கல்யாண வீட்டுப் பரணில் என்ன செய்வதென்று தெரியாமல் அடுக்கி வைத்திருந்த முந்நூறு அப்பளங்கள். மேட்டுக்களம் முழுவதும் சலசலவென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. ஒருவரும் வெளியே ஓடிவந்து பார்க்கவில்லை, துடைப்பத்தைத் தேடினார்கள்.

மேஸ்திரி நாச்சிமுத்து குனிந்து ஒடிந்த அடாப்டரை எடுத்துத் தகரமூடியில் வைத்தார். முதலாளியின் அறைப்பக்கம் அதைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஸ்பேனரை எடுத்துத் தகரத்தை மூன்று தட்டுத் தட்டினார், துளசிமணி இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

"டம்ளர் ஒண்ணுகூட இல்லீங்களே" என்றாள் அவள்.

"சோறு கொண்டாந்த தூக்குப்போசி மூடியில குடிச்சுக்கறோம், அம்மிணி" என்றார் மேஸ்திரி, ரொம்பத் தாழ்ந்த குரலில்.

குட்டியானை டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். பாய்லரை ஒருபக்கம் அவளும் ஒருபக்கம் சென்னியப்பனுமாகப் பிடித்து இறக்கி, பஸ் நிழலில் வைத்துப் பற்றவைத்தார்கள். பாலகுரு கடைக்குப் போய்ப் புது அடாப்டர் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார், கிளம்பியவரை இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்காரவைத்துக் கையில் ஒரு மூடியைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு துளசிமணி ஒரு மூடியில் தனக்கும் ஊற்றிக்கொண்டாள். அந்த ஊரில் அவள் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. குடிக்க இடம் தேடி, பஸ்ஸின் முன்படியில் போய் உட்கார்ந்தாள். சென்னியப்பன் தன் மூடியோடு போய், எதுவும் கேட்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

திண்டுக்கல் முதலாளி, நாலு நாள் தாமதம், இனி ஒரு நிமிஷம் நிற்க முடியாது, எடு எடு என்றார். டிரைவர் ஏறிப் பலமாக ஹாரன் அடித்தார். படியில் இருந்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.